இருநூற்று ஐம்பத்து நான்கு சதுர அடிக் கடல்

கோலார்ப் பக்கத்துத் தங்கச் சுரங்கக் குழியான நந்திதுர்க் மேட்டு ஷாஃப்டில் திமிங்கிலம் முதன்முதலாக மூச்சு விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஆறு ஐம்பதுக்கு. பக்கத்து வீட்டுப் பாக்யலட்சுமி காயப்போட்டிருந்த நான்கு சேலைகளிலும் அது தெறித்து, அன்று மறுபடி துவைக்க வேண்டியதாயிற்று. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பம்புகள் நின்ற நாளிலிருந்து ஷாஃப்டில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்து, வாயிலிருந்து பத்தடி கீழே நின்றிருந்தது. அது உப்புத் தண்ணீர் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. குடித்துப் பார்க்க ஆள் இல்லை.

பாக்யலட்சுமியின் எதிர்வீட்டில் இருந்த ஜெனிட்டா வேதியியல் படித்தவள். தினமும் மாரிகுப்பம் ரயில் வண்டியில் பெங்களூருக்குப் போய் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். அதிகம் பேச மாட்டாள். வண்டியில் நான்கு ஆண்டுகளாக எதிரே உட்கார்ந்து வரும் பெண்ணின் பெயரைக்கூட இன்னும் கேட்கவில்லை. ஷாஃப்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய்ச் சோதித்தாள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. நூலில் கல்லைக் கட்டி ஒரு வாரம் அளந்தாள். கடலைப் போலவே நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் ஏறி இறங்கியது, ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தாமதமாக. திமிங்கிலம் நாற்பத்தேழு நிமிடத்துக்கு ஒருமுறை வந்தது. பதினெட்டு அடி அகல வட்டத்தில் அதன் தலைக்கு மட்டுமே இடம் இருந்தது. இடது பக்கமாக மூச்சை விடும், கொஞ்சம் இளைப்பாறும், செங்குத்தாக இறங்கிப் போய்விடும்.

அந்த ஷாஃப்டில் முப்பது ஆண்டுகள், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர் சைலஸ். அவர் மொபெட்டில் ஏறி மாரிகுப்பம் முதல் பாலகாட் வரை இருந்த எல்லா ஷாஃப்டுகளிலும் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார்.

“வேற எங்கயும் சத்தமே இல்லமா. அதுக்கு இது ஒண்ணுதான் வழி,” என்றார்.

அதே வாரம் ஷாஃப்டு வேலியில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஆபத்தான குழிகளை மூடும் திட்டத்தில், இருபத்தெட்டாம் தேதி மேட்டு ஷாஃப்டின் மேல் கான்கிரீட் போடப்படும். நாற்பத்தேழு நிமிடத்துக்கு மேல் மூச்சை அடக்கினால் அந்தத் திமிங்கிலம் என்ன ஆகும் என்று ஜெனிட்டாவுக்குத் தெரியும். சுரங்க ஆபீசுக்கு மனு எழுதினாள். அப்படி ஒரு நீர்நிலை எந்தப் பட்டியலிலும் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

பட்டியல் எங்கே இருக்கிறது என்று வண்டியில் போகும்போது தேடினாள். பாதுகாக்கப்பட்ட கடல்களையும் ஏரிகளையும் கொண்டாடும் புகைப்படப் போட்டி ஒன்று கண்ணில் பட்டது. உலகம் முழுவதிலிருந்தும் படம் அனுப்பலாம். தேர்வாகும் இடங்களின் பெயர், பரப்பு, பாதுகாப்பவர் விவரங்களோடு ஒரு பட்டியல் வெளியாகும், இருபத்தெட்டாம் தேதி மதியம். முந்தைய ஆண்டுப் படங்களை அவள் பங்காருபேட்டையிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை பார்த்துக்கொண்டே போனாள். பவளப்பாறையில் தூங்கும் மீன்கள், ஏரி விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள், அவற்றைக் காக்கும் மனிதர்கள். இவ்வளவு இடங்களை இவ்வளவு பேர் அக்கறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அவளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டாள்.

விண்ணப்பத்தில் ஓர் இடத்தில் கை நின்றது. யார் பாதுகாக்கிறார்கள்? எப்போதிலிருந்து? பொய் எழுத அவளுக்கு வராது.

சைலஸ் அதைக் கேட்டுச் சிரித்தார். “இதுக்கா முழிக்கிற? பாதுகாப்புன்னா இன்னா? ஆள் நிக்கணும். ஷிஃப்ட் போட்டா முடிஞ்சுது.”

அன்று சாயங்காலமே ஷிஃப்ட் போடப்பட்டது. சுரங்கம் இருந்தபோது என்ன நேரமோ அதே நேரம், ஒரு நாளைக்கு மூன்று. ஓய்வு பெற்ற பதினெட்டுப் பேர் பெயர் கொடுத்தார்கள். மாலை ஷிஃப்டில் இருவர் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் சின்னச் சண்டைகூட நடந்தது. மூன்று நாள் கழித்து ஜெனிட்டா எழுதினாள்: பாதுகாப்பவர், மூன்று ஷிஃப்ட் ஆட்கள். எப்போதிலிருந்து, மூன்று நாளாக. பரப்பு, இருநூற்று ஐம்பத்து நான்கு சதுர அடி.

போட்டிக்காரர்கள் மரியாதையாகக் கேட்டு எழுதினார்கள். உங்கள் ஊர் கடலிலிருந்து வெகுதூரம், கடல் மட்டத்துக்கு எண்ணூற்றைம்பது மீட்டர் மேலே இருக்கிறது. கடல் எப்படி ஏறியது? அவள் பதில் எழுதினாள்: ‘தெரியாது. அளந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன்.’ அந்தப் பதில் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. படத்தில் பாதுகாப்பும் தெரிய வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள்.

அதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் அதுவரை எடுத்த நாற்பத்தோரு படங்களும் மூச்சுப் புகையில் வெள்ளையாகிப் போயிருந்தன. இப்போது மனிதர்களையும் நிற்கச் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, கேமராவோடு வேலியருகே கால்மணி நேரம் நின்றாள்.

“இன்னாமா, சொல்லு. வாய்க்குள்ளயே பேசினா யாருக்குக் கேக்கும்?” என்றார் சைலஸ்.

“அங்கிள்... நீங்க, பாக்யம் அத்தை... குடை புடிச்சிக்கினு... அந்தப் பக்கம்.”

“என்னப் பொண்ணு பாக்க வந்தப்போகூட இம்மாம் நேரம் நிக்க வெக்கல,” என்று பாக்யலட்சுமி முந்தானையைச் சரிசெய்தார். சைலஸ் சிரித்ததில் குடை சாய்ந்தது. அந்த நொடியில் தலை மேலே வந்தது, காற்று எதிர்ப்பக்கம் வீசியது. நாற்பத்திரண்டாவது படத்தில் எல்லாம் விழுந்திருந்தன: சுருக்கம் விழுந்த பெரிய கறுப்பு நெற்றி, இரண்டு குடைகள், பின்னால் துருப்பிடித்த கேஜ் சக்கரம்.

இருபத்தெட்டாம் தேதி ஜெனிட்டா வேலைக்கு விடுப்பு எடுத்தாள். பத்து மணிக்குக் கான்கிரீட் லாரி வந்தது. மேஸ்திரி நாகேஷ் கோலாரிலிருந்து வந்தவர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். லாரியின் உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

ஜெனிட்டா ஷாஃப்டு வாயில் போய் நின்றாள். முன்பின் தெரியாத ஒருவரிடம் அவளாகப் பேசியது அதுதான் முதல் தடவை. “அண்ணா, மதியம் வரைக்கும் நில்லுங்க. லிஸ்ட் வந்துடும்.”

“ஏன்மா, சும்மனே நின்னா இது லாரிக்குள்ளயே கல்லாயிடும். ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். அப்புறம் லாரிய இங்கயே கோயிலா கட்டி கும்பிடணும்.”

“ஒரு மூச்சு பாத்துட்டு ஊத்துங்க.”

“யாரு மூச்சு?”

பத்து இருபத்திரண்டுக்கு அவருக்குப் பதில் கிடைத்தது. நனைந்த சட்டையைப் பிழிந்தபடி நாகேஷ் வெகுநேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆபீசுக்குப் போன் செய்து கன்னடத்தில் நிறையப் பேசினார். திமிங்கிலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். காகிதம் இல்லாவிட்டால் ஊற்றியே ஆக வேண்டும்.

பதினொன்று ஒன்பதுக்கு இரண்டாவது மூச்சு. பதினொன்று ஐம்பத்தாறுக்கு மூன்றாவது. ஷிஃப்ட் ஆட்கள் மூன்று ஷிஃப்டிலிருந்தும் வந்து வட்டமாக நின்றார்கள். நாகேஷ் உருளைக்குள் எட்டிப் பார்த்து, “இன்னும் அஞ்சு நிமிஷம்மா, அதுக்கு மேல என் கையில இல்ல,” என்றார். மூன்றாவது நிமிடத்தில் ஜெனிட்டாவின் போன் அதிர்ந்தது. முதல் பரிசு ஏதோ ஓர் ஏரியின் நாரைகளுக்கு. அவள் விரல் கீழே கீழே நகர்ந்தது. கடைசிப் பக்கத்தில், உலகத்தின் மிகச் சிறிய பாதுகாக்கப்பட்ட கடல் என்று போட்டு, மேட்டு ஷாஃப்டின் பெயர் இருந்தது.

நாகேஷ் அதை இரண்டு முறை படித்து ஆபீசுக்கு அனுப்பிவைத்தார். ஊற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. ஆனால் லாரியில் இருந்த கான்கிரீட் காத்திருக்காது. அதனால் அவருடைய ஆட்கள் பலகை அடித்து, ஷாஃப்டைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு ஒரு கைப்பிடிச் சுவர் எழுப்பினார்கள். மேல்பகுதியைக் கரணையால் மழமழவென்று அவரே தேய்த்துக் கொடுத்தார், உட்காருபவர்களுக்கு உறுத்தக் கூடாது என்று.

அடுத்த ஆண்டு மார்ச்சில், காலை ஷிஃப்டில், மூச்சு இரண்டாகக் கேட்டது. ஒன்று பெரியது, அதையொட்டி ஒன்று சின்னது. சுவரில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, இடம் விட்டு, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்கள்.