சருகு விரியன்

வேலை முடிந்து பெங்களூரு ஈஜிபுரா வீட்டுக்கு வந்த சண்முகத்தின் வலது கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. வாசலிலேயே கையை நீட்டிக் காட்டிச் சிரித்தான்.

"பாரு புள்ள. இந்த ஊர்லயும் நம்மாளு இருக்கான்."

ராதா கையைப் பிடித்துப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் இரண்டு புள்ளிகள். வைட்ஃபீல்டில் அவன் தோட்ட வேலை பார்க்கும் குடியிருப்பில், மத்தியானம் சருகு அள்ளும்போது பாம்பு கடித்ததாம். பழுப்பு நிறம், முதுகில் கருந்திட்டு, ஒரு முழம்கூட இல்லை.

"சருகு விரியன்தானுங்க."

"அதேதான். சூப்பர்வைசர் மஞ்சுநாத் சார் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு குதிச்சாரு. எங்க காட்டுல இது கடிக்காத காலே கிடையாதுன்னுட்டு மிச்ச வேலையப் பாத்தேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. வால்பாறைக்கு மேலே, மழை ஓயாத காட்டுக்குள் அவர்கள் ஊர். அங்கே ராஜநாகம் என்ற பேரைச் சொல்லவே பயப்படுவார்கள். அது யாரையும் கடித்ததாக ஒருவருக்கும் நினைவில்லை. ஆனாலும் பயம் முழுக்க அதன் மேல்தான். ஏலக்காய்ச் செடிகளின் அடியில் சுருண்டு கிடந்து காலைக் கடிக்கும் இந்தச் சின்னப் பாம்பை யாரும் பொருட்படுத்தியதில்லை. வீங்கும், வலிக்கும், அப்புறம் வடிந்துவிடும். ராதாவையே கல்யாணத்துக்கு முன்னால் கடித்திருக்கிறது. வீங்கிய காலோடு அன்று அவள்தான் உலை வைத்தாள்.

மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டாள். பாயை விரித்தாள்.

"கஞ்சி குடிச்சிட்டுப் படுங்க. ஒண்ணும் ஆவாது."

பக்கத்துப் போர்ஷன் ஜகதாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, பாம்புக்கடிக்கு மஞ்சளா? ஆட்டோ கூப்பிடும்மா மொதல்ல!"

"அக்கா, நீங்க எறும்பு கடிச்சாலே ஊசிக்கு ஓடுறவங்க."

"ஆமாண்டி, ஓடுவேன். உசுர் மேல ஆச இருக்குதில்ல எனக்கு?"

சண்முகம் வாய்விட்டுச் சிரித்தான். ஜகதாம்பாள் முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

கஞ்சி குடித்துவிட்டு அவன் வாய் கொப்பளித்தான். தண்ணீர் சிவப்பாக விழுந்தது.

"வெத்தல போட்டீங்களா?"

"இல்லியே."

ஈறெல்லாம் ரத்தம். ராதா விரலைத் திருப்பிப் பார்த்தாள். மஞ்சள் பற்றை நனைத்துக்கொண்டு ரத்தம் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. ஊரில் யாருக்கும் இப்படி ஆனதில்லை. செருப்புகூடப் போடாமல் ஜகதாம்பாளின் கதவைத் தட்ட ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னடத்தில் கேட்டார். ஜகதாம்பாள் தமிழில் சொன்னாள்.

"எப்போ கடிச்சுதுன்னு கேக்கறாரு."

"மத்தியானம்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்து அவர் கேட்டதை ஜகதாம்பாள் தமிழில் சொல்லவில்லை. அவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். பழுப்பு முதுகு, சங்கிலி போலக் கரும்புள்ளிகள்.

"கண்ணாடி விரியன்றாரு. இதோட குட்டிதான் கடிச்சிருக்குமாம்."

அது அவர்கள் காட்டில் இல்லாத பாம்பு. ஆனால் சருகுக்குள் பார்த்திருந்தால் அவளும் அதே பேரைத்தான் சொல்லியிருப்பாள்.

மருந்து பாட்டில் பாட்டிலாக ஏற்றினார்கள். சிறுநீர் நின்றுபோனது. மூன்றாம் நாள் காலையில் சண்முகம் இறந்தான்.

ராதா ஊருக்குப் போன் செய்தாள். அண்ணன் எடுத்தான். அழுகை முந்திக்கொண்டது.

"என்னாச்சு புள்ள? சொல்லு!"

"அவரப் பாம்பு கடிச்சிருச்சுண்ணா."

"ஐயோ, என்ன பாம்பு?"

"சருகு விரியன்னு..." மறுபடி அழுதாள்.

அண்ணன் பெருமூச்சு விட்டான். பிறகு சிரித்தே விட்டான்.

"அட, இதுக்கா இந்த அழுகை? கொல நடுங்கிப் போச்சு எனக்கு. வீக்கம் வத்தட்டும். மாப்பிள்ளகிட்ட குடு, நான் பேசறேன்."

ராதா போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். யாருக்கும் அதைக் கொடுக்கவில்லை.

"குடு புள்ள," என்றான் அண்ணன்.