உத்திரட்டாதி நகர்த்திய கோழிக் கணக்கு

நாமக்கல் மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் போகிறவர்கள் அதை இனி இரண்டாகப் பிரித்துக்கொள்ளக் கடவர்: தங்கசாமி கோழிப்பண்ணைக் குழுமம் பேக்கப் கொள்கையை வகுப்பதற்கு முன்பு, வகுத்த பின்பு. கம்பெனியின் சுற்றறிக்கை அப்படித்தான் சொன்னது. எழுதியவர் கணினிப் பிரிவின் தலைவர் நந்தகுமார். அந்தப் பிரிவில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லாததால் தலைமைக்குப் போட்டி இருக்கவில்லை.

சிக்கல் இதுதான். ஒவ்வொரு பண்ணையின் கணக்கும் (முட்டை, தீவனம், தண்ணீர், செத்த கோழி) முதல் நாளிலிருந்து அன்றுவரை முழுதாக, தினமும் சாயந்திரம் ஒரு கோப்பாகத் தலைமை அலுவலக டிஸ்க்கில் வந்து உட்காரும். நேற்றைய கோப்புக்கும் இன்றைய கோப்புக்கும் வித்தியாசம் கடைசி நாலு வரிதான். ஏழு வருடத்தில் டிஸ்க் நிரம்பிவிட்டது.

பழையதை அழிக்கலாம் என்றால் அதுவும் முடியாது. சூப்பர்வைசர்கள் ஒரு வாரம் கழித்து வந்து பழைய எண்களை அழகாகத் திருத்தி வைப்பது பண்ணை வழக்கம். அன்றைக்கு எழுதிய நிஜ எண் அன்றைய கோப்பில் மட்டும்தான் இருக்கும். அந்த நிஜ எண்கள் கம்பெனியின் கால்நடை மருத்துவர் பிரவீனாவுக்கு வேண்டியிருந்தன. மல்லசமுத்திரம் பண்ணையின் மூன்றாம் ஷெட்டில் சித்திரைதோறும் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இந்தச் சித்திரையிலும் தொடங்கிவிட்டது.

"எந்த மாசத்தைங்க எடுத்துக் குடுக்கறது?" என்று நந்தகுமார் கேட்டார்.

"எதைத் தேடறேன்னு தெரிஞ்சா நானே எடுத்துக்க மாட்டனுங்களா? ஏழு வருசமும் வேணும்."

முதலாளி தங்கசாமியோ வெள்ளிக்கிழமை கெடு வைத்துவிட்டார். "எடம் பத்தலைன்னா ஊட்டையா இடிச்சுக் கட்டுவாங்க? பழசைத் தூக்கி வெளிய போடு சாமி."

நந்தகுமார் பள்ளிபாளையம் கிளையில் சும்மா கிடந்த சின்ன டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தார். கோப்புகளைத் துண்டு துண்டாக நறுக்குவது, ஒரே மாதிரித் துண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் 'அதேதான்' என்று குறித்துவிடுவது. இதுதான் திட்டம். நறுக்குவதில் இரண்டு முறை உண்டு. எல்லாத் துண்டையும் மைசூர்பாகு மாதிரி ஒரே அளவில் போடுவது ஒன்று, வேகமானது. உள்ளே இருக்கும் எழுத்துகளைப் பார்த்து எங்கே வெட்டுவது என்று முடிவு செய்வது இன்னொன்று. அது மெதுவாக நடக்கும், பழைய சர்வரைச் சூடாக்கும். தலைவர்களுக்கு வேகம்தான் அழகு. நந்தகுமார் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, அதற்குத்தான் அந்தச் சுற்றறிக்கையையும் விட்டார்.

புதன்கிழமை மத்தியானத்துக்குள் சின்ன டிஸ்க் நிரம்பி நின்றுவிட்டது. ஒரு வருடக் கணக்குகூட உள்ளே போகவில்லை. எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் ஒத்துப்போகவில்லை.

அவர் இரண்டு நாள் கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் வரியிலேயே விஷயம் இருந்தது. பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை, அன்றைய திதி, நட்சத்திரம். ஏழு வருடத்துக்கு முன் முதலாளியைக் குளிர்விக்க நந்தகுமாரே எழுதிய நிரல் அது. ஆயுத பூஜையன்று அவருக்குப் பொன்னாடை வாங்கித் தந்ததும் அதுதான். ஒரு நாள் 'சதயம்', இன்னொரு நாள் 'உத்திரட்டாதி'. நட்சத்திரம் நீண்டால் அதற்குப் பின்னால் உள்ள ஏழு வருடமும் சில எழுத்துகள் தள்ளிப்போகும். சேலம் பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவர் புதிதாக வந்து உட்கார, எல்லாரும் ஒரு சீட் நகர்ந்த மாதிரி. சீட் நம்பரை வைத்து ஆளை நினைவு வைத்திருக்கும் கண்டக்டருக்கு பஸ் முழுக்க அந்நியர்கள்.

அவர் முதலாளியிடம் போனார். "ஐயா, அந்தத் தலைப்பை எடுத்துடலாமுங்களா?"

"சுழி போடாமக் கணக்கு எழுதற அளவுக்கு நாம இன்னும் கெட்டுப் போகலை."

"கடைசீல போட்டுக்கலாமுங்க."

"பந்தி முடிஞ்சு எல்லாரும் கை கழுவுனதுக்கப்புறம் தாலி கட்டுவியா நீயி?"

நந்தகுமார் திரும்பி வந்தார். சின்ன டிஸ்க்கைத் துடைத்து, மெதுவான முறையை ஓடவிட்டார். சர்வருக்குப் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் வைத்தார்.

பிரவீனாவும் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் கோப்பு முழுதாக ஏறியது. இரண்டாம் நாள் கோப்பில் தலைப்பும் கடைசி வரிகளும் மட்டும் ஏறின. மூன்றாம் நாளும் அப்படியே. ரோகிணி வந்தது, திருவாதிரை வந்தது. முன்னால் யார் வந்து உட்கார்ந்தாலும் இந்த முறை பின்னால் இருந்தவர்களை முகம் பார்த்துக் கண்டுபிடித்தது. மாதங்கள் ஓடின. நிறைந்த அளவைக் காட்டும் பட்டை நகரவே இல்லை.

"நின்னு போச்சுங்களா?"

"இல்லீங்க டாக்டர். மூணு வருசம் ஏறிருச்சு."

நந்தகுமாருக்கு மயிர்க்கால் குத்திட்டது. எத்தனை லட்சம் வரிகள்! அதில் ஒன்றையும் தொலைக்காமல், ஒன்றையும் இரண்டு தடவை சொல்லாமல், அது பாட்டுக்கு வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தது. யாரும் அதற்குக் கோழி என்றால் என்ன என்று சொல்லித் தரவில்லை. ஏழு வருடமும் ஏறி முடிந்தபோது சின்ன டிஸ்க்கில் ஒரு மூலைகூட நிரம்பியிருக்கவில்லை. அவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஒரே பயம்: ஒரு துண்டு கெட்டால் அதை நம்பியிருக்கும் நாளெல்லாம் கெடும். அதனால் இன்னொரு நகல் எடுத்துப் பள்ளிபாளையத்துக்கு அனுப்பினார். சேதி கேட்டு வந்த முதலாளி டிஸ்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இத்துனூண்டு டப்பாக்குள்ள எத்தனை கோழிடா சாமி!"

வெள்ளிக்கிழமை காலையில் பிரவீனா ஏழு சித்திரையையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்தார். திருத்தாத எண்களில், மூன்றாம் ஷெட்டில் சாவு கூடுவதற்கு முன் ஒவ்வொரு வருடமும் கோழிகள் குடித்த தண்ணீர் குறைந்திருந்தது. ஏழு வருடமும் ஒரே சரிவு, மலை இறக்கம் போல. நந்தகுமாரும் முதலாளியும் திரைக்கு அருகே குனிந்தார்கள். "இதுக்குப் பின்னாடி பெரிய சூட்சுமம் இருக்குதுங்க" என்றார் நந்தகுமார், மெதுவாக. கார் எடுத்து மூவரும் மல்லசமுத்திரம் போனார்கள்.

சித்திரை வெயிலுக்கு மூன்றாம் ஷெட் தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்திருந்தது.