சூடை எழுத்தில் ஓர் எச்சரிக்கை

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகைக்கு நாற்பத்தொரு மணித்தியாலம் இருந்தபோது போர்டுகள் எல்லாம் அச்சாகி முடிந்தன. கடை முதலாளி ரிப்கான் நானா அவற்றைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்துவைத்தார். நான் கணினியை விட்டு எழுந்து பார்த்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

மேலே சிங்கள வரி சிவப்பில் கண்டிப்பாக நின்றது. கீழே, அதே சிவப்பில், ‘ஆபத்து. இங்கே கடலில் இறங்காதீர்கள்’ என்ற தமிழ் வரி துள்ளிக்கொண்டிருந்தது.

அந்த எழுத்துருவின் பெயர் சூடை. மீனின் பெயர்தான். தடித்த உடம்பு. எந்த எழுத்தும் பக்கத்து எழுத்தோடு ஒரே மட்டத்தில் நிற்காது. ‘ப’ கொஞ்சம் சரிந்த வாளி. ‘து’வின் வால் மேலே அடிக்கும். புள்ளிகள் பெரிய குமிழிகள். கற்பிட்டியில் ஜூஸ் கடையும் டியூஷன் வகுப்பும் அதில்தான் தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கின்றன. கண்டக்குழிப் படகுகளும் அப்படியே.

அதை வரைந்தது நான். விலங்கியலில் பட்டம் முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டிலிருந்த மாதங்களில் வரைந்தேன். பெயர் போடாமல் இணையத்தில் இலவசமாக விட்டேன். இந்தக் கடையில் சேர்ந்தபோது அது எனக்கு முன்பே இங்கே வந்திருந்தது. இதை வரைந்தவன் வேலைவெட்டி இல்லாதவனாக இருப்பான் என்று ரிப்கான் நானா முதல் நாளே சொன்னார். நானும் சிரித்தேன். சொல்வதற்கான நேரம் அத்தோடு போயிற்று. பிறகு, யாருக்கும் தெரியாமல் தெருவில் அதைப் பார்த்துக்கொண்டு நடப்பது எனக்குப் பிடித்துவிட்டது.

இந்தப் போர்டு வேறு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் கண்டக்குழிக் கரையை ஒட்டிக் கடலடியில் கிடங்கு விழும், ஆளை விழுங்கும் குழி. முழங்கால் தண்ணீரில் நிற்பவரின் காலடி மணல் போய்விடும். நீர் ஆளை ஆழத்துக்கு இழுக்கும். போன கிழமை புத்தளத்திலிருந்து வந்த அண்ணனையும் தங்கையையும் இழுத்துப்போனது. மீனவர் சங்கத் தலைவர் யாக்கோபுதான் படகில் போய், தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். பெருநாள் பின்னேரம் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கரையில்தான் நிற்பார்கள்.

போர்டுகளுக்குச் சொன்னவர்களும் எழுத்தைத் தேர்ந்தெடுத்தவர்களும் சங்கத்தார்தான். அன்று எனக்கு லீவு. படகுக்குப் பெயர் எழுதும்போது வழக்கமாகச் செய்வதையே செய்திருக்கிறார்கள். மாதிரிகளைக் கரையில் நட்டுவிட்டு, படகில் தள்ளிப் போய், எந்த எழுத்து கடைசிவரை தெரிகிறது என்று பார்த்திருக்கிறார்கள். சூடை வென்றது. அது நியாயமான வெற்றி. ஆனால் பிள்ளைகள் படகில் நின்று வாசிக்கப்போவதில்லை.

பக்கத்துத் தையல் கடையில் பெருநாள் உடுப்புக்காகத் தாய்மாரோடு பிள்ளைகள் காத்திருந்தார்கள். வெட்டி ஒதுக்கிய அச்சுத் துண்டொன்றை எடுத்துப் போனேன். இந்தப் போர்டு உள்ள இடத்தில் என்ன இருக்கும் என்று கேட்டேன். ஒருவன் பலூன் என்றான். ஒருத்தி ஐஸ்கிரீம் என்றாள். மூத்தவள் வரி முழுவதையும் பிழையில்லாமல் வாசித்துவிட்டு என்னைக் கேட்டாள்.

“இது சும்மா விளையாட்டுக்குத்தானே, ராத்தா?”

திரும்பி வந்து, அதே வரியைச் சாதாரணத் தடித்த எழுத்தில் அச்சடித்தேன். பிறகு வந்த பிள்ளைகளிடம் அதைக் காட்டினேன். ஒருவரும் பலூன் என்று சொல்லவில்லை.

ரிப்கான் நானாவிடம் சொன்னேன். சின்னப் பிள்ளைகளைக் கேட்டா போர்டு அடிப்பது என்றார். யாக்கோபு ஒத்துக்கொண்டால் விடிவதற்குள் மாற்றித் தரலாம், ஆனால் தான் வாய் திறக்கப்போவதில்லை என்றும் சொன்னார்.

நான் வாசலுக்கும் அச்சு மெஷினுக்கும் இடையே நடந்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கினேன். போர்டுகளை ஏற்ற வந்த லேண்ட்மாஸ்டர் டிராக்டரின் சத்தம் கேட்டதும் அடுக்கியதெல்லாம் போய்விட்டது.

யாக்கோபு இறங்கி வந்து முதல் போர்டைத் தூக்கினார்.

“அங்கிள், இந்த எழுத்து வேணாம்.”

மெஷின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு மறுபடி சொன்னேன்.

“ஏன் மகள், வடிவாத்தானே இருக்கு?”

பிள்ளைகள் சொன்னதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே போர்டை ஏற்றினார். கண்ணுக்குத் தெரிந்தால் போதும், பயம் தானாக வரும் என்றார்.

“வாசிச்சிட்டுச் சிரிக்குதுகள் அங்கிள். சிரிச்சிட்டுக் கடல்ல இறங்கப்போகுதுகள்.”

“ரிப்கான், உங்கட புள்ள எழுத்துக்கும் காய்ச்சல் பாக்குது.”

“பட்டதாரி இல்லையா. சும்மா இரிக்க ஏலாது” என்றார் ரிப்கான் நானா.

இருவரும் சிரித்தார்கள். இரண்டாவது போர்டும் ஏறியது. மூன்றாவதின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார். நான் விடவில்லை. யாரிடமும் நான் இப்படிச் செய்ததில்லை.

யாக்கோபின் சிரிப்பு நின்றது.

“விடுங்க மகள். இதச் செஞ்சவன் எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சிருப்பான். அவனவிட உங்களுக்குத் தெரியுமா?”

முகம் எரிந்தது. தையல் கடை வாசலில் நின்ற பெண்களும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். ரிப்கான் நானா என்னை உள்ளே வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். போர்டின் விளிம்பு உள்ளங்கையை அறுத்தது.

“இந்த எழுத்துக்குப் பயம் காட்டத் தெரியாது, அங்கிள்” என்றேன். “இத வரஞ்சது நான்.”