பதினொரு வளைவும் ஏழு ஆட்டோவும்

பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டால் ஆட்கள் மறுபடியும் என் ஆட்டோவில் ஏறுவார்கள் என்று நான் சொன்னபோது, என் மனைவி விஜயலெட்சுமி ரொட்டி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏங்க, நீங்க ஆட்டோவக் கவுத்ததுனாலதான யாரும் ஏற மாட்டேங்குறாங்க? இன்னும் வேகமா ஓட்டிக் காட்டுனா கிட்டக்க வருவாங்களா?”

அவள் இப்படிக் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவது என் வழக்கம். பதினாறு வருடக் குடித்தனத்தில் அப்படி எத்தனை தடவை சட்டை மாட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

மடுல்சீமைக்கு மேலே எங்கள் மயில்மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலத்தில் ஆட்டோ என்றால் சுரேஸ்தான். பதுளை ஆஸ்பத்திரிக்கும் நான்தான், கல்யாணச் சாமான் வாங்கவும் நான்தான். போன தை மாதத்து மழையில் புஷ்பம் அக்காவைப் பதுளையிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்தேன். ஆறாம் வளைவில் ஆட்டோ மெதுவாக, மிகவும் மரியாதையாக, இடப்பக்கம் சாய்ந்து ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் படுத்துக்கொண்டது. எனக்கு ஒரு கீறல் இல்லை. தோட்டத்திலேயே வேகமாகக் கொழுந்து பறிக்கிற புஷ்பம் அக்காவுக்கு இடது கை முறிந்தது. ஆறு வாரம் கட்டுப் போட்டு லயத்து வீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

நான் எல்லோரிடமும் காரணம் சொல்லித் திரிந்தேன். ரோடு சரியில்லை என்றேன். பிரேக் பிடிக்கவில்லை என்றேன். மழையைத் திட்டினேன். புஷ்பம் அக்கா ஒரே ஒரு தடவைதான் பேசினாள். கட்டுப் போட்ட கையோடு கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து, “அவன் ஆட்டோவுல ஏறுறதுக்கு நடந்தே பதுளைக்குப் போயிறலாம்” என்றாள். மடுவத்தில் அவள் சொன்னால் சாயந்தரத்துக்குள் எட்டு லயத்துக்கும் போய்விடும். மறுநாளிலிருந்து என் ஆட்டோவில் காற்று மட்டும்தான் ஏறியது.

ஹயர் சவாரி எல்லாம் தினேசுக்குப் போனது. தினேஸ் வேறு யாருமில்லை, விஜயலெட்சுமியின் தம்பி. நீல விளக்கும் பெரிய ஸ்பீக்கர் பெட்டியுமாக, அவன் ஆட்டோ தூரத்தில் வரும்போதே தெரியும். ஒருநாள் ஸ்டாண்டில் என் பக்கத்தில் நிறுத்தி, “மச்சான், சும்மாதான இருக்கீங்க. நம்ம வண்டியக் கொஞ்சம் கழுவித் தர்றீங்களா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கழுவிக் கொடுத்தேன். இதை விஜயலெட்சுமியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவுக்கு இளைஞர் கழகம் நோட்டீஸ் ஒட்டியது. கயிறு இழுத்தல், மண் முட்டி உடைத்தல் எல்லாம் வழக்கம்போல. இந்த வருடம் புதிதாக ஆட்டோ பந்தயம். கடைச் சந்தியில் தொடங்கி பதினொரு வளைவு ஏறி, தேயிலை அரைக்கும் ஸ்டோர் வாசலில் முடியும். ஓட்டுகிறவரைத் தவிர வேறு ஆள் இருக்கக்கூடாது. அந்தக் கடைசி விதியைப் படித்தபோது, இது எனக்காகவே வைத்த பந்தயம் என்று தோன்றியது. மூன்று மாதமாக நான் அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பதுளையில் மெக்கானிக் றுஷ்தியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். எஞ்சினைத் திறந்து பார்த்தவன் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான்.

“அண்ணே, இத நீங்க ஓட்டுறதவிட, நாலு பேரு தள்ளுனா வேகமாப் போகும்.”

இருந்தாலும் நல்ல மனுசன், இரண்டு நாள் குடைந்து ஒரு வழி பண்ணிக் கொடுத்தான். பாரம் குறைய வேண்டும் என்றான். ஸ்பெயார் டயரைக் கழற்றினேன், பெயர்ப் பலகையைக் கழற்றினேன். விஜயலெட்சுமி என் வயிற்றைப் பார்த்தாள். வாயால் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பந்தயத்தன்று ஏழு ஆட்டோ நின்றன. எனக்கு ஏழாம் நம்பர். கொடி இறங்கியதும் முதல் இரண்டு ஆட்டோக்களும் கண்ணாடியோடு கண்ணாடி கொக்கி போட்டுக்கொண்டு, கும்மியடிப்பதுபோல் சுற்றி, ரோட்டுக்குக் குறுக்கே நின்றன. ஓட்டியவர்கள் இறங்கி ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். நான் இடையில் புகுந்து போனேன். இரண்டாம் வளைவில் ஒருவன் ரோட்டை விட்டுத் தேயிலைக்குள் இறங்கினான். அவனை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தவன் மண்திட்டில் முட்டி, முன்சில்லு கோணிக்கொண்டு நின்றான். நாலாம் வளைவில் தினேஸ் உள்பக்கம் வெட்டி ஏற, அவனுக்கு வழிவிடாத ஜனுஷன் என்ற பையன் மதிலில் மோதினான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் தினேசின் பரம்பரையையே திட்டியது கேட்டது. அவ்வளவு தெம்பாகத் திட்டுகிறவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நான் நிற்காமல் போனேன். நான் எவ்வளவு நல்லவன் என்பது இதிலிருந்து தெரியும்.

இனி தினேசும் நானும்தான். ஆறாம் வளைவு வந்தது. அந்த இடத்தைப் பார்த்ததும் என் கை தானாக வேகத்தைக் குறைத்தது. அதற்குள் தினேஸ் பக்கவாட்டில் வந்து இடித்தான். என் ஆட்டோவின் பக்கக் கண்ணாடி பறந்தது. நானும் திருப்பி இடித்தேன். அவனுடைய முன்விளக்கு ஒன்று உடைந்து தொங்கியது.

“மச்சான், மறுபடியும் கான்ல படுக்கணுமா?” என்று கத்தினான்.

“போடா, ஒன் வண்டியக் கழுவுன கைடா இது!” என்று நானும் கத்தினேன். இது எப்படி வீரவசனம் ஆகும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டாம் வளைவில் ஒரு பள்ளத்தில் அவன் வண்டி எகிறியபோது, பின்னாலிருந்த ஸ்பீக்கர் பெட்டி கழன்று அவன் முதுகில் சாய்ந்தது. பாட்டு நிற்கவில்லை, தினேஸ் நின்றான். நான் தாண்டிப் போனேன். எனக்கு முன்னால் ரோடு காலியாக இருந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஏதோ ஒன்றில் முதலாவதாக இருந்தேன். ஸ்டோர் வாசலில் சனம் என்னைத் தோளில் தூக்குவதுபோலவும், திங்கட்கிழமை என் ஆட்டோவுக்கு வரிசை நிற்பதுபோலவும் நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வளைவு தாண்டி, இடது ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். காலடியில் ஒரு அண்டா. வலது கையை ரோட்டுப் பக்கம் நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் ஆட்டினாள்.

பதினெட்டு வருடம் ஹயர் ஓடிய கால் இது. மூன்று மாதமாக ஒரு கைகூட அதற்கு நீளவில்லை. பந்தயம், தினேஸ், கோப்பை எதுவும் அந்தக் காலுக்குத் தெரியாது. பிரேக்கை மிதித்துவிட்டது. அதுவும் அவளுக்கு நேராக, ஏறுவதற்கு வசதியாக நிறுத்தியது.

அவள் அண்டாவை உள்ளே தள்ளி ஏறிக்கொண்டாள். “ஸ்டோருக்குத்தான்ப்பா. சனத்துக்குக் கடலை. எம்புட்டுத் தூரம் தூக்குறது?” என்றபோதுதான் நான் திரும்பினேன். புஷ்பம் அக்கா.

“அடப்பாவி, நீயா! பேர்ப் பலகையில்லாம அடையாளமே தெரியலயே!”

“எறங்கிக்கிறீங்களாக்கா?” என்று கேட்டேன். இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் ஏற்றத்தைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

“எறங்கி? மறுபடி இதத் தூக்கவா? போ. மெதுவாப் போ.”

மெதுவாகப் போனேன். ஒரு நிமிடத்தில் தினேஸ், ஒற்றை விளக்கும் ஓயாத பாட்டுமாக, எங்களைத் தாண்டினான். எங்களைப் பார்த்து அவன் வாய் திறந்தது, மூடவில்லை. அடுத்து, கொக்கி பிரிந்த இரண்டு ஆட்டோவும் தாண்டின. கடைசியில் தேயிலைக்குள் இறங்கியவனும், பம்பரில் முறிந்த தேயிலை வாதுகள் தொங்கத் தொங்கத் தாண்டினான். ஒவ்வொருவர் தாண்டும்போதும் என் கால் ஆக்சிலேட்டரைத் தேடாமல் இல்லை. எங்கள் வண்டியில் அது கையில் இருக்கிறது என்பதைக்கூட அவமானத்தில் மறந்திருந்தேன். பின்னால் அண்டாவின் மூடி கடகடவென்று ஆடியது. அக்கா இடது கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். அந்தக் கை முழுசாக நீளவில்லை. முழங்கை கொஞ்சம் மடங்கியே நின்றது. கட்டுப் பிரித்த பிறகு நான் அந்தக் கையைப் பார்த்ததே இல்லை. பார்க்காமலிருக்க வேறு வழியாகச் சுற்றிப் போவேன்.

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன்.

“அக்கா, அன்னைக்கு ரோட்டு மேல தப்பில்லக்கா. பிரேக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் ஓட்டிக்கிட்டே ஃபோனப் பாத்தேன். மேட்ச் ஸ்கோரு.”

பத்தாம் வளைவைத் தாண்டினோம்.

“தெரியும்டா,” என்றாள். “ஒனக்குப் பின்னாடிதான ஒக்காந்திருந்தேன்? எனக்குத் தெரியாதா?”

“அப்ப ஏன்க்கா யாருகிட்டயும் சொல்லல?”

“நீ சொல்லுவன்னு பாத்தேன். நீ மழையத் திட்டிக்கிட்டுத் திரிஞ்ச.”

“மன்னிச்சுக்கங்கக்கா.”

“ஆமா, இப்பச் சொல்லு. ரோட்டப் பாத்து ஓட்டு.”

நாங்கள் ஸ்டோர் வாசலுக்கு வந்தபோது தினேசுக்கு மாலை போட்டு முடித்திருந்தார்கள். வந்து சேர்ந்த ஐந்து ஆட்டோவில் ஐந்தாவது நான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. விஜயலெட்சுமி மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கழகத் தலைவர் வடிவேல் மைக்கை எடுத்தார்.

“ஏழாம் நம்பர் ஆட்டோ ஆள் ஏத்திக்கிட்டு வந்தபடியா, விதிமுறைப்படி போட்டியிலருந்து நீக்கப்படுது!”

புஷ்பம் அக்கா மெதுவாக இறங்கினாள். மைக் தேவைப்படாத குரல் அவளுக்கு.

“ஆள் ஏத்தாம ஆட்டோவ வேற என்னத்துக்குடா வச்சிருக்கு?”

சிரிப்பு அடங்கியது. அவள் என் பக்கம் திரும்பினாள். தோட்டம் முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னாள்.

“டேய் சுரேஸ், திங்கக்கிழம எனக்குப் பதுளையில கிளினிக்கு. காலையில ஆறரைக்கு லயத்துக்கு வந்துரு. ஃபோன வீட்டுல வச்சிட்டு வா.”

சரிங்கக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. கடைசியாக வந்தவன், அதுவும் போட்டியிலிருந்து நீக்கப்பட்டவன், கோப்பையை வைத்துக்கொண்டு நின்ற தினேசுக்கு முன்னால் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். தோற்றதற்கு அழுகிறேன் என்று நினைத்து, பாவம், அவன் எனக்குக் கோப்பையை நீட்டினான்.