நோய்மாடு இல்லாத ஊர்

களுதாவளைக்காரர் செய்த வேலையைப் பார்த்து மங்கையற்கரசிக்குத் தலையிலடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வெள்ளைக்காரப் பேராசிரியர் வருகிறார், நோய்ப்பட்ட மாடுகளைக் கொண்டுவாருங்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். சந்தியில் வந்து நின்றவையோ குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி, மாலை போட்ட மாடுகள்! பின்னே, விருந்தாளிக்கு யாராவது பழஞ்சோறு வைப்பார்களா?

அவள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் படித்தவள். ஊர்ப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு அந்தத் தொழிலைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமாக மாடுகள் பின்னங்கால் தள்ளாடி விழுந்து செத்தன. என்ன நோயென்று அவளுக்குப் பிடிபடவில்லை. சண்டையால் கொழும்புக்கு இரத்தம் அனுப்பிப் பார்க்கவும் வழியில்லை. அவள் கெஞ்சிக் கேட்டதில் ஒல்லாந்துக் கல்லூரியொன்று மனமிரங்கி, பாடம் நடத்த இவரை அனுப்பியிருந்தது. இராணுவம் கொடுத்த அனுமதி மத்தியானம் வரைக்கும்தான்.

பேராசிரியர் மாலைகளை விலக்கி ஒவ்வொரு மாடாகத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் நல்ல சுகமாக இருக்கின்றனவே, இங்கே நான் எதைப் படிப்பிக்க என்று கேட்டார்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். கொல்லையில் அவர்களுடைய சிவலைப் பசு மரத்தில் சாய்ந்து நடுங்கிக்கொண்டு நின்றது. தகப்பன் அழகரத்தினம் அதைச் சுற்றித் தென்னோலை சாத்தி மறைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்களுமா?"

"டொக்டர் இருக்கிற வீட்டு மாடு இப்பிடி நிக்குதெண்டா ஆரைக் காறித் துப்புவானுகள் புள்ள? ஒன்னைத்தான்!"

அவள் ஓலையைப் பிடுங்கி எறிந்தாள்.

"துப்பட்டும். கயித்தைப் பிடிங்க."

இருவரும் இழுத்தும் தள்ளியும் பசுவைத் தெருவுக்குக் கொண்டுவந்ததை ஊரே பார்த்தது. பக்கத்து வளவு இளையதம்பி திரும்பி வீட்டுக்கு நடந்தார். பின்னால் இன்னும் நாலைந்து பேர். ஒளித்து வைத்த மாடுகளை அவிழ்க்கத்தான் போனார்கள்.

சந்தியை நெருங்கும்போது தெற்கே வெடிச் சத்தம் கேட்டது. பாதையை மூடப்போகிறோம் என்று ஆமிக்காரர் பேராசிரியரை அவசர அவசரமாக வாகனத்தில் ஏற்றினார்கள். அவர் கண்ணாடி வழியாகச் சிவலையைக் கண்டு ஏதோ கத்தினார். எஞ்சின் இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வாகனம் போன பிறகு மாடுகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடி வந்து சேர்ந்தன. எட்டுப் பிள்ளைகளும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"அவர் போனாப் போகட்டும்," என்றார் அழகரத்தினம், நெஞ்சை நிமிர்த்தி. "என்ட மகள் இருக்காள். சொல்லு புள்ள, இது என்ன வருத்தம், என்ன நோய்?"

"தெரியாதப்பா," என்றாள் ஊர் கேட்க. "தெரிஞ்சா அந்த மனிசனை ஏன் கூப்பிடுறன்?"