வாத்துக் காந்தம்

வலது கை ஆள்காட்டி விரலுக்கு நூறு நாள் சம்பளம். நடுவிரலுக்கு எண்பது. மோதிர விரல் ஐம்பதுக்கே படியும். சுண்டுவிரலைக் கொசுறு மாதிரிக் கடைசியில் போட்டிருந்தார்கள். இடது கை என்றால் எல்லாவற்றிலும் தள்ளுபடி. கட்டைவிரல்தான் சரக்கிலேயே உசத்தி. அதன் விலையைப் படித்தால் எந்த முதலாளியும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படிப்பார்.

வேலையில் விரல் போனால் கம்பெனி தரும் இந்த விலைப்பட்டியல் மர மில்லின் கேன்டீனில், கை கழுவும் குழாய்க்கு நேர் மேலே தொங்கியது. கையைக் கழுவிக்கொண்டே கையின் விலையைத் தெரிந்துகொள்ளலாம்.

"மோதிர விரல் இவ்வளவு மலிவா?" என்று அங்கே மரக்கட்டு போடும் கட்டுக்காரர் ஒரு நாள் வாய்விட்டே கேட்டார்.

"விலை போட்டவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கும் மச்சான்" என்றான் பக்கத்தில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை.

அவன் கட்டுக்காரரின் தங்கை புருஷன். இவர் அவனை மாப்ளே என்று கூப்பிடப் போக, மில் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. லாரி டிரைவர் வரைக்கும் அவன் மாப்பிள்ளைதான். மாப்பிள்ளைக்கு உண்டான மரியாதைதான் யாரிடமும் கிடைக்கவில்லை.

இருவருக்கும் ஒரே இடத்தில் வேலை. அறுத்து இழைத்த உத்திரங்கள் உருளைகள் மேல் ஒன்றன் பின் ஒன்றாக ஊர்ந்து வரும். கட்டுக்காரர் பொத்தான் மேசைக்கு முன்னால் நிற்பார். பச்சையை அழுத்தினால் இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் வந்து உத்திரங்களை நெருக்கி ஓர் அடுக்காக்கும். அதன் குறுக்கே மாப்பிள்ளை ரீப்பர் என்கிற மெல்லிய மரத் துண்டுகளை வைப்பான். அதற்கு மேல் அடுத்த அடுக்கு. அடுக்கு நெஞ்சளவு ஏறியதும் மேலிருந்து பிரஸ் இறங்கி அமுக்கும். இரும்புப் பட்டை சுற்றி வந்து இறுக்கும். பிளாஸ்டிக் போர்வை மூடும். ஃபோர்க்லிஃப்ட் வந்து கட்டைத் தூக்கிக்கொண்டு போகும். ஒரு கட்டு முடிந்தது.

சொன்னால் சுலபம். ஆனால் மரம் வெட்டிப் போட்ட பிறகும் தன் குணத்தைக் காட்டும். பத்தில் ஒன்று கோணிக்கொண்டு வந்து அடுக்கில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடிக்கும். யாராவது மெஷினைச் சுற்றியுள்ள வேலியின் கம்பிக் கதவைத் திறந்து உள்ளே போய் அதைக் கையால் வழிக்குக் கொண்டுவர வேண்டும். கதவு திறந்தால் மெஷின் மொத்தமும் நின்றுவிடும். மறுபடி கிளப்புவது, கோபித்துக்கொண்டு போன சம்பந்தியைத் திரும்ப அழைத்து வருகிற மாதிரி. ஒவ்வொரு இரும்புக் கையும் ஆரம்ப இடத்துக்குப் போய், சரிபார்த்து, பெருமூச்சு விட்டு, பிறகுதான் அசையும்.

கதவு மூடியிருக்கிறதா என்று மெஷின் எப்படித் தெரிந்துகொள்கிறது? கதவின் நிலைச் சட்டத்தில் சென்சார் என்கிற ஒரு சின்னக் கண் இருந்தது, கதவின் ஓரத்தில் ஒரு காந்தம். காந்தம் கண்ணெதிரே இருந்தால் கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம். கட்டுக்காரர் வேலை நேரம் போக மற்ற நேரத்தில் பழைய சைக்கிள், பழைய டிவி என்று வாங்கிக் கைமாற்றி விடுகிறவர். எதை எங்கே ஒட்டினால் எது ஓடும் என்று அவருக்குத் தெரியும். தன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த மஞ்சள் வாத்துப் பொம்மைக் காந்தத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து அந்தக் கண்ணில் ஒட்டினார். அதற்குப் பிறகு கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மெஷின் நம்பிக்கையோடு ஓடியது.

கட்டுகள் கூடின. சூப்பர்வைசர் எப்போதும் கடிகாரத்தோடு பின்னால் நிற்பதால் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். அவர் வாத்தைப் பார்த்தார், திறந்த கதவைப் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார்.

"யோவ் கட்டு, வாத்து நல்லா முட்டை போடுதுய்யா!"

அதோடு சரி. எடு என்றும் சொல்லவில்லை, வை என்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை உள்ளே போய்க் கோணலைச் சரிசெய்து, வெளியே காலை வைத்ததும் "போ மச்சான்!" என்று ஒரு குரல் கொடுப்பான். அதைக் கேட்டுத்தான் இவர் பச்சையை அழுத்துவார். கம்பிக் கதவு செய்ய வேண்டிய வேலையை ஒரே ஒரு சொல் செய்துகொண்டிருந்தது.

பிறகு கட்டுக்காரர் புது ஃப்ரிட்ஜ் வாங்கினார். பழையதை மாப்பிள்ளைக்கே விற்றார். "சொந்தக்காரன் விலை" என்றார். ஐஸ் பெட்டியின் ரப்பர் உதடு கிழிந்திருப்பதைக் காட்டிக் கொஞ்சம் குறைத்தும் கொடுத்தார். மோட்டார் இருமுவதைக் காட்டவில்லை. பத்து நாள் முடிவதற்குள் ஃப்ரிட்ஜ் வாயைப் பிளந்தது. மாப்பிள்ளை பணத்தைத் திருப்பிக் கேட்டான்.

"வித்த சரக்கு வித்ததுதான் மாப்ளே. ஓடுறப்போதானே கொடுத்தேன்?"

மறுநாள் கேன்டீனில், தட்டும் டம்ளரும் நிறைந்த வேளையில், மாப்பிள்ளை எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "மச்சான் என் தலையில கட்டுனதுல இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கிறது அவர் தங்கச்சி மட்டும்தான்!"

கேன்டீனே சிரித்தது. ஸ்டாப்வாட்ச்கூடச் சிரித்தார். கட்டுக்காரர் பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவப் போனார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சு நின்றால் வேலை நிற்குமா? மாப்பிள்ளை வெளியே வந்ததும், கையிலிருக்கும் ரீப்பர் துண்டால் உத்திரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவான். இவர் எங்கோ பார்த்துக்கொண்டு பச்சையை அழுத்துவார். யாரும் யாரிடமும் தோற்கவில்லை. இரண்டு மூன்று நாள் அப்படியே ஓடியது.

அன்று ஒரு தடியான உத்திரம் வில்லாக வளைந்து வந்தது. மாப்பிள்ளை உள்ளே போனான். கட்டுக்காரர் எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தட்டு கேட்டது. இன்னொரு தட்டும் கேட்டது. அழுத்தினார்.

முதல் தட்டு, மாப்பிள்ளை வளைந்த உத்திரத்தை அடித்து உட்காரவைத்தது. இரண்டாவது, பின்னால் வந்த உத்திரம் முன்னால் நின்றதன் மேல் முட்டியது. மரத்தின் மேல் மரம் விழுந்தால் எல்லாத் தட்டும் ஒரே தட்டுதான். தலையைத் திருப்பியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். கழுத்து வலியெல்லாம் ஒன்றும் இல்லை. திருப்பினால் இவர்தான் முதலில் இறங்கி வந்தவர் என்று ஆகிவிடும், அதனால் திருப்பவில்லை.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்துக்குத் திரும்பினார்.

ஆள்காட்டியும் நடுவிரலும். வலது கை.

மேனேஜர் அறையில் மேசைக் கண்ணாடியின் நடுவே மஞ்சள் வாத்து நின்றது. பக்கத்தில் ஸ்டாப்வாட்ச். பிறந்ததிலிருந்து ஒரு வாத்தைக்கூடப் பார்த்திராதவர் மாதிரி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேராப் பேசுறேன்" என்றார் மேனேஜர். "கதவை ஏமாத்தினது அடிபட்டவரேன்னா, கம்பெனி சல்லிக்காசு தர வேண்டியதில்ல. வேற யாராவதுன்னா அவருக்கு முழுத் தொகையும் போகும். அந்த வேற யாராவது நாளையிலேர்ந்து இங்க வர வேண்டியதில்ல. போலீஸ் வேற அவரைத் தேடி வரும். இந்த வாத்து யார் வீட்டுது?"

கட்டுக்காரர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். ஸ்டாப்வாட்ச் வாத்தைப் பார்த்தார். கட்டுக்காரரின் மனசில் புது ஃப்ரிட்ஜின் தவணை, பெண்ணின் காலேஜ், வீட்டு வாடகை எல்லாம் உருளை மேல் உத்திரம் மாதிரி வரிசையாக வந்து முட்டின.

"இது ஒட்டியிருந்த ஃப்ரிட்ஜ் மாப்பிள்ளை வீட்லதாங்க இருக்கு" என்றார்.

பொய் என்று அதில் ஒரு எழுத்தைக்கூடக் காட்ட முடியாது. இருமுகிற மோட்டாரை விற்றதும் இதே நாக்குத்தான்.

மேனேஜர் பேனாவை மூடினார். அங்கேதான் கட்டுக்காரருக்குப் பழைய சுறுசுறுப்பு வந்தது. ஆள் கிளம்பப் பார்க்கும்போதுதானே பேரமே சூடு பிடிக்கும்?

"சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும் சார். நாலு பேர் என்ன பேசுவாங்க? விரல் போனவனுக்கு வெறுங்கையைக் காட்டிட்டாங்கன்னுதானே? ஏதோ தயவுன்னு பாருங்க."

"முப்பது நாள் சம்பளம்."

"சார், முப்பதுக்குச் சுண்டுவிரல்கூட வராது. நீங்களே மாட்டி வச்சிருக்கீங்க."

"அறுபது. அதுக்கு மேல என் கையில இல்ல."

"நூத்தி எண்பதுல பாதி தொண்ணூறு. பாதின்னா உங்களுக்கும் மனசு உறுத்தாது, எங்களுக்கும் வாய் அடங்கிடும். அப்புறம் வாசல்ல கேட்டுக்கு ஆள் தேடுறீங்களாமே? குறுக்குக் கட்டையைத் தூக்கி இறக்க ஒரு கை போதும் சார்."

மேனேஜர் சிரித்துவிட்டார். படிந்தது. வெளியே வந்தபோது ஸ்டாப்வாட்ச் முதுகில் தட்டினார். "பெரிய ஆளுய்யா நீ!" ஒன்றுமே கிடைக்காத இடத்தில் தொண்ணூறு நாளும் ஒரு வேலையும் பேசி முடித்திருக்கிறோம் என்று கட்டுக்காரருக்கும் நடையில் ஒரு மிடுக்கு வந்தது. அது ஆஸ்பத்திரிப் படி ஏறும் வரைக்கும் தாங்கியது.

மாப்பிள்ளை கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தான். கை பஞ்சு மூட்டையாகத் தலையணை மேல் இருந்தது. தங்கை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கட்டுக்காரர் நின்றபடியே விவரம் சொன்னார். முப்பதில் தொடங்கி தொண்ணூறுக்கு எப்படி ஏற்றினேன் என்பதை ஒரு படி விடாமல் சொன்னார்.

தங்கை முழுக்கக் கேட்டாள். "தயவா? தயவு எதுக்கு? அதுதான் சுவத்துல எழுதிப் போட்டிருக்காமே."

"அது வந்து... கதவுல காந்தம் ஒட்டினது மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிட்டாங்கம்மா. அதை மீறித்தான் நான்..."

"எந்தக் காந்தம்?"

கட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மஞ்ச வாத்தா அண்ணா? ஃப்ரிட்ஜ் வந்த அன்னிக்கு எம் பொண்ணு அதைத்தான் தேடினா. வாத்து எங்கம்மா, வாத்து எங்கம்மான்னு ஒரே அழுகை. அண்ணிக்குப் போன் பண்ணினேன். நீங்க எப்பவோ அதை மில்லுக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க."

"ஒண்ணுமே வராம இருந்ததும்மா. நான் பேசலைன்னா..."

"நீங்க வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லியிருந்தா நூத்தி எண்பது வந்திருக்கும். பாதி விலைக்கு இவரை வித்துட்டு, நல்லா வித்தேன்னு எங்கிட்டயே வந்து சொல்றீங்க."

"கத்தாதே. நாலு பேர் பாக்கிறாங்க."

"நான் எங்க கத்துறேன்? இப்பவே போய் மேனேஜர்கிட்டச் சொல்லலாம். சொன்னா உங்க வேலை போகும். அண்ணி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க. இவருக்குத் தரேன்னு சொன்ன கேட் வேலையையும் அந்த ஆள் பிடுங்கிடுவான். எல்லாப் பக்கமும் சரியாத்தான் கட்டியிருக்கீங்க. இரும்புப் பட்டை போட்டுக் கட்டின மாதிரி."

மாப்பிள்ளை கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். தூங்கவில்லை, எல்லாம் கேட்டிருந்தான். கட்டுக்காரர் அவன் பக்கம் குனிந்து, "மாப்ளே" என்றார். அவன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

"வித்த சரக்கு வித்ததுதான், இல்லியாண்ணா?" என்றாள் தங்கை. "கிளம்புங்க. பஸ் போயிடும்."

மில்லில் சின்னக் கண் இருந்த இடத்தில் இப்போது எந்த வாத்துக்கும் ஏமாறாத ஒளிக்கதிர்கள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் விலை கட்டைவிரலை விட அதிகம் என்று ஸ்டாப்வாட்ச் புலம்பினார். கட்டுகள் குறைந்தன, மில் ஒன்றும் மூழ்கவில்லை. பொத்தான் மேசைக்குப் பக்கத்தில் வேறொரு ஆள் ரீப்பர் வைக்கிறான். பச்சையை அழுத்துவதற்கு முன் கட்டுக்காரர் இப்போது கழுத்தை நன்றாகத் திருப்பிப் பார்க்கிறார். ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கிறார்.

வாசலில் மாப்பிள்ளை இடது கையால் குறுக்குக் கட்டையைத் தூக்குகிறான். ஒவ்வொரு லாரிக்கும் "போ, போ" என்று குரல் கொடுக்கிறான். அதே பழைய குரல், உள்ளே பொத்தான் மேசை வரைக்கும் கேட்கிறது. கட்டுக்காரரின் சைக்கிள் வந்தால் கட்டை உயரும். வாய் திறக்காது.

கணக்கு இப்படி நிற்கிறது. ஆள்காட்டி நூறு, நடுவிரல் எண்பது, ஆக நூற்றெண்பது. வந்தது தொண்ணூறு. மீதிக்கு ஈடு என்று சொல்லிக்கொள்ள ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு குறுக்குக் கட்டை. ஃப்ரிட்ஜ் பணத்தைக் கட்டுக்காரர் உறையில் போட்டுக் கொடுத்தனுப்பினார். ஒட்டினது ஒட்டினபடி திரும்பி வந்தது, அதை வரவில் வைப்பதா பற்றில் வைப்பதா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. வாத்து, மேனேஜர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்கக் கம்பெனி கணக்கில் போய்விட்டது. பாக்கி நிற்பது தொண்ணூறு நாள் சம்பளமும், "போ மச்சான்" என்ற ஒரு குரலும்.