மர்ஜான் போன திசை

பஹ்ரைனில் ஓர் ஆமை ஊர் ஞாபகம் வந்து தவித்த செய்தி தமிழ் வாசிப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதே ஆமையைப் பற்றி அரபியிலும் ஆங்கிலத்திலும் வந்த குறிப்புகளில் தவிப்பும் கிடையாது, ஞாபகமும் கிடையாது. நீந்திய தூரமும் தண்ணீரின் சூடும்தான் இருந்தன. எல்லாம் சுகந்தா பார்த்த வேலை.

கடல் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பதைச் சாதாரண சனங்களுக்குப் புரியும்படி சொல்வதுதான் அவள் உத்தியோகம். நாட்டைச் சுற்றிக் கடல் இருந்தும், அதைத் திரும்பிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. திரும்பிப் பார்க்க வைக்கத்தான் சுகந்தாவுக்குச் சம்பளம். இந்த வருடம் பச்சை ஆமை ஒன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி ஒட்டி, மர்ஜான் என்று பெயர் வைத்துக் கடலில் விட்டார்கள். அது எங்கே போகிறது என்று வாராவாரம் எழுதுவது அவள் பொறுப்பு. மீன்பிடிப் படகுகளில் தமிழர்கள் நிறைய இருப்பதால் தமிழிலும் எழுதச் சொன்னார்கள்.

நிலையத்தின் தலைவி டாக்டர் நூராவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விலங்குக்கு மனிதருடைய மனதை ஒட்டவைக்கக் கூடாது. ஆமை அழாது, ஏங்காது, நீந்தும், அவ்வளவுதான். சுகந்தாவும் நல்ல பிள்ளை மாதிரித் தலையாட்டினாள். ஆனால் நூராவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே! முதல் வாரமே "மர்ஜான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்" என்று கை தவறி எழுதிவிட்டாள். அல் கோபார், முவைலா என்று வளைகுடாவின் மற்ற ஊர்களிலிருந்தெல்லாம் யார் யாரோ விசாரித்து எழுதினார்கள். ஓமானின் சலாலாவில் கிரேன் ஓட்டும் சோலைமுத்து என்பவர் குரல் பதிவே அனுப்பினார்: "மேடம், எனக்குத்தான் ஊருக்குப் போக லீவு மாஃபி, இல்லவே இல்லைன்னுட்டாங்க. அதுவாச்சும் நல்லபடியா போய்ச் சேரட்டும்." அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கை தவறியது.

அதோடு நிறுத்தியிருந்தால் தேவலை.

சுகந்தாவின் மகள் யதுர்ஷா யாழ்ப்பாணத்தில் சித்தியோடு இருக்கிறாள். பத்து வயது. கணவன் இறந்த அடுத்த வருடம் வேலை தேடி வந்த சுகந்தா, பிள்ளை வளர்ந்ததையெல்லாம் போனில்தான் பார்த்தாள். வெள்ளிக்கிழமை லீவு நாளில் பேசுவார்கள். பேச என்ன இருக்கிறது? இரண்டு பேச்சுக்குள் சொற்கள் தீர்ந்துபோகும், பிள்ளை போனைச் சித்தியின் கையில் திணித்துவிட்டு ஓடிவிடும். தன் பிள்ளையிடம் பேச விஷயம் இல்லாமல் தவிப்பதைப் போல ஒரு கொடுமை வேறு இல்லை.

மர்ஜான் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. யதுர்ஷா தேசப்படத்தை மடியில் விரித்துவைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அம்மா, ஆமை இப்ப எங்க நிக்குது?" என்பதுதான் முதல் கேள்வி. ஒருநாள், "எங்கட கடலுக்கும் வருமோ?" என்று கேட்டாள்.

"வராமல்? ஓகஸ்ட் லீவுக்கு அது அங்க வரேக்கை அம்மாவும் வந்து நிப்பன்" என்றாள் சுகந்தா.

பச்சைப் பொய். மர்ஜானைப் போன்ற ஆமைகள் ஓமான் கரையில் முட்டையிட்டுவிட்டு, கடற்புல் மேய வளைகுடாவுக்கே திரும்பிவிடும். இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுக்காது. கடலைப் படித்த சுகந்தாவுக்கு இது அத்துப்படி. ஆனால் போன் திரையில் அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு திருத்திச் சொல்ல வாய் வரவில்லை. லீவு எப்படியும் கிடைத்துவிடும், ஆமை வராவிட்டாலும் நான் போய் நின்றால் போதாதா என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

ஜூலையில் மர்ஜான் ஓமானில் கரையேறியது. முட்டையிட்டு முடித்ததும் வந்த வழியே திரும்பி நீந்தத் தொடங்கியது. அந்த வாரமே நூரா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஆகஸ்டில் மர்ஜானைப் பற்றிக் கண்காட்சி திறக்கப்போகிறார்கள். தமிழ்ப் பக்கத்துக்குத்தான் இவ்வளவு வாசகர்கள், என்ன மந்திரம் போட்டாயோ தெரியாது, நீ இல்லாமல் முடியாது என்றாள். ஊருக்குப் போவதை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாமாம். பாராட்டித்தான் சொன்னாள். சுகந்தா கொட்டிய ஏக்கமே சுகந்தாவின் காலைக் கட்டிப்போட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேடையில் நூறு பிள்ளைகளைக் கூசாமல் சமாளிக்கிறவள், ஒரு பிள்ளையைக் கூப்பிடப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். இந்த முறையும் பொய் சொன்னால் நாளைக்கு அம்மா என்ன சொன்னாலும் அது நம்பாது.

"அம்மா, இப்ப எங்க?" யதுர்ஷா பென்சிலோடு தயாராக இருந்தாள்.

"பிள்ளை, மர்ஜான் திரும்பிட்டுது. எங்கட கடலுக்கு வராது." சுகந்தா மூச்சை இழுத்துக்கொண்டாள். "வராதெண்டு எனக்கு அப்பவே தெரியும். அம்மா பொய் சொல்லிப்போட்டன். எனக்கும் லீவு கிடைக்கேல்லை, குஞ்சு. ஓகஸ்ட்டுக்கு நான் வரேல்லை."

யதுர்ஷா பென்சிலைக் கீழே வைத்தாள். அழப்போகிறாள் என்று சுகந்தா பயந்தாள். அவள் அழவில்லை.

"ஆமை வராதெண்டு எனக்கும் தெரியும்" என்றாள். "விஞ்ஞான ரீச்சர் சொன்னவா. ஓமானோட திரும்பிடுமாம்."

"எப்ப சொன்னவா?"

"அது கனநாள்."

"அப்ப ஏன் குஞ்சு எனக்குச் சொல்லேல்லை?"

யதுர்ஷா தேசப்படத்தின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தாள். "சொன்னா நீங்கள் ஆமைக் கதையை நிப்பாட்டிப் போடுவியள். பிறகு என்னோட கதைக்க உங்களுக்கு ஒண்டும் இருக்காது."

பிள்ளையைத் தூக்கி அணைக்க வேண்டிய சுகந்தாவின் கைகள் போனைத்தான் மார்போடு இறுக்கிக்கொண்டன. அப்படியே விம்மி விம்மி அழுதாள்.

"அம்மா, ஒரே இருட்டா இருக்கு" என்றது மார்புக்குள்ளிருந்து ஒரு குரல். "முகத்தைக் காட்டுங்கோ."